விளக்கு வைக்கும் நேரத்து வீடுகள்: கொழும்பின் குடியிருப்பு வீதிகளை இரவில் படமெடுக்க முழுமையான வழிகாட்டி

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஏதாவதொரு லேனில் பகல் இரண்டு மணிக்கு நின்று பாருங்கள். உயர்ந்த மதில், துருப்பிடித்த கேற், கூரைக்கு மேல் தண்ணீர்த் தாங்கி, குறுக்கும் மறுக்குமாக வயர்கள். படமெடுக்கத் தோன்றாது. அதே இடத்துக்குப் பின்னேரம் ஆறே முக்காலுக்கு வாருங்கள். மேல்மாடி யன்னலில் மெல்லிய திரைச்சீலை மஞ்சளாக நிற்கிறது. காற்றுக்காகச் சுவரில் விட்ட ஓட்டைக் கற்கள் ஒவ்வொன்றும் சிறு கூடு போல ஒளிர்கின்றன. வானம் இன்னும் கறுக்கவில்லை, ஆழ்ந்த நீலம். வயரும் தாங்கியும் அந்த நீலத்தில் கரிய கோடுகளாக ஒடுங்கிவிட்டன.

பகல் வெளிச்சம் வெளியிலிருந்து வந்து எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி விழுகிறது. இரவு வெளிச்சம் வீட்டுக்காரர் போட்டது. எந்த அறையில் புழக்கம் உண்டு, எது பூட்டிக் கிடக்கிறது, சாமி அறையின் சிவப்பு பல்ப் எந்த மூலையில் எரிகிறது, பிள்ளை படிக்கிற மேசை எந்த யன்னலோரம் என்பதையெல்லாம் ஓர் ஆளையும் காட்டாமல் அது சொல்லிவிடும். இந்தப் படங்களின் ஈர்ப்பு அங்கேதான் இருக்கிறது. கொழும்பில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு மாடி, இரண்டு மாடி வீடுகள் இடிந்து தொடர்மாடிகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. வளைந்த பல்கனியும் மரச் சட்ட யன்னலும் உள்ள பழைய வீடு ஒன்றை வெளிச்சத்தோடு எடுத்து வைக்க நினைத்தால் தள்ளிப்போடக் கூடாது.

நேரம்: எல்லாம் பன்னிரண்டு நிமிடத்தில்

இரவுப் படம் என்று சொன்னாலும் நல்ல படம் கிடைப்பது முழு இருட்டில் அல்ல. விளக்கு வைக்கும் நேரம் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்தப் பொழுதில்தான்.

கொழும்பு வட அகலக்கோடு 7 பாகைக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து இறங்காமல் கிட்டத்தட்டச் செங்குத்தாக விழும். மறைந்து 21, 22 நிமிடத்தில் அடிவானுக்கு 6 பாகை கீழே போய்விடும். முக்கால் மணி நேரத்தில் 12 பாகை. இந்த இடைவெளியில் வானத்தின் வெளிச்சம் ஏறக்குறைய மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்டொப், அதாவது பாதிக்குப் பாதி, குறைந்துகொண்டே போகும். யன்னல் வெளிச்சம் மட்டும் மாறாது. வானம் யன்னலைவிட இரண்டு ஸ்டொப் கூடுதலாக இருக்கும்போது தொடங்கி, இரண்டு ஸ்டொப் குறையும் வரை ஒரே படத்தில் இரண்டும் நன்றாகப் பதியும். நான்கு ஸ்டொப், மும்மூன்று நிமிடம்: மொத்தம் பன்னிரண்டு நிமிடம். சூரியன் மறைந்து 15 நிமிடத்துக்கும் 28 நிமிடத்துக்கும் இடையில் அது வரும். ஐரோப்பாவில் எழுதிய வழிகாட்டிகள் சொல்லும் நீண்ட நீல வேளையை நம்பி இங்கே சாவகாசமாகப் போனால், ட்ரைபொட்டை விரிப்பதற்குள் வானம் கறுத்திருக்கும்.

நவம்பர் நடுவில் சூரியன் 5.50 அளவில் மறைகிறது. ஜூலை தொடக்கத்தில் 6.30 அளவில். நாற்பது நிமிட வித்தியாசம்தான், ஆனால் இந்த வேலைக்கு அது பெரிது. நவம்பரில் வானம் சரியாக இருக்கும் 6.10க்குப் பலர் இன்னும் காலி வீதி நெரிசலில் நிற்பார்கள், வீடு இருட்டாக இருக்கும். போதாததற்கு ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் பின்னேர இடிமழை வழக்கம். எங்கள் தெரிவு பெப்ரவரி. சூரியன் 6.20ஐத் தாண்டி மறைகிறது, 6.40க்கு வீடுகளில் லைற் விழுந்துவிடும், மழையும் குறைவு.

திசையையும் கணக்கில் எடுங்கள். கடலோர லேன்கள் பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. காலி வீதிப் பக்கம் நின்று கடலைப் பார்த்தால் மேற்கு வானம் கூடுதல் நேரம் வெளிச்சமாக நிற்கும். கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் நின்று உள்ளே பார்த்தால் கிழக்கு வானம் சில நிமிடம் முந்திக் கறுக்கும். ஆகவே ஒரே பின்னேரத்தில் இரண்டு வீடு எடுப்பதானால் கிழக்கு நோக்கிய படத்தை முதலில் முடித்துவிட்டு மேற்கே திரும்புங்கள்.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

முதல் நாள் பின்னேரம் கமெரா இல்லாமல் ஒரு நடை போய் வாருங்கள். பார்க்க வேண்டியது வீட்டின் அழகை அல்ல, அதன் பல்ப்பை. வெள்ளை வெளேரென்ற 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு) எல்.ஈ.டி. பல்ப்கள் இங்கே நிறைய வீடுகளில் எரிகின்றன. அந்த வெளிச்சமும் அந்தி வானமும் ஒரே நீலச் சாயலில் இருப்பதால் படம் குளிர்ந்து, உயிரில்லாமல் போகும். 2700 அல்லது 3000 கெல்வின் மஞ்சள் பல்ப் எரியும் வீடுதான் வானத்தின் நீலத்துக்கு எதிரே எழுந்து நிற்கும். முகப்பு எவ்வளவு சாதாரணமாக இருந்தாலும் பரவாயில்லை. திரைச்சீலை மெல்லியதாக இருந்தால் இன்னும் நல்லது: யன்னல் முழுவதும் ஒரு வெசாக் கூடு போல ஒளிரும், உள்ளே இருப்பவரும் தெரியமாட்டார்.

அடுத்தது வீதி விளக்கு. அது வீட்டுக்கு நேர் முன்னே நின்றால் முகப்பைத் தட்டையாக்கி யன்னல்களை மங்கச் செய்யும். பக்கவாட்டில் இரண்டு வீடு தள்ளி நின்றால் மா, அரலி மரங்களின் நிழலைச் சுவரில் விழுத்தித் தரும். அப்படிப்பட்ட வீடு கிடைத்தால் விடாதீர்கள்.

மதில்தான் கொழும்பின் பெரிய தொல்லை. 6 அடி மதில், அதற்குப் பின்னே 15 அடி தள்ளி வீடு, மதிலுக்கு முன்னே 20 அடி தள்ளி 5 அடி உயரத்தில் கமெரா என்று வையுங்கள். பார்வைக் கோடு மதிலின் உச்சியைத் தொட்டு வீட்டுச் சுவரை எட்டும்போது 6¾ அடி உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழே கதவு, விறாந்தை எல்லாம் மறைந்துபோகும். பின்னுக்குப் போவதால் பெரிதாக லாபமில்லை, போகவும் லேனில் இடமில்லை. உயரம்தான் வழி: எதிர் வீட்டு மேல்மாடிப் பல்கனியில் 15 அடி உயரத்தில் கமெரா நின்றால் வாசற்படி வரை தெரியும். அது முடியாவிட்டால் கேற்றைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். திறந்த கேற்றினூடாகத் தெரியும் வெளிச்சம் சில சமயம் முழு முகப்பையும்விட நன்றாக இருக்கும்.

இடத்துக்கு இடம் தன்மை வேறு. கொட்டாஞ்சேனையின் பழைய தெருக்களில் மதிலே இல்லாமல் கதவு நேராக வீதியில் திறக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே அகன்ற லென்ஸ் வேண்டும், ஆள் நடமாட்டத்துக்குப் பொறுமை வேண்டும். வத்தளை, ஹெந்தளைப் பக்கம் முற்றமுள்ள வீடுகள். கத்தோலிக்க வீடுகளின் முன்னே மாதா சுரூபத்துக்கு எரியும் சிறு விளக்கு, டிசம்பரில் விறாந்தையில் தொங்கும் நட்சத்திரக் கூடு. தெஹிவளையின் உள் லேன்களில் பொகன்விலா கவிந்த மதில்கள் அதிகம்.

கேட்டுவிட்டு எடுங்கள்

பொது வீதியில் நின்று ஒரு வீட்டின் முகப்பை எடுப்பது வேறு, இருட்டில் ட்ரைபொட் வைத்து ஒரு குடும்பத்தின் யன்னலைக் குறிபார்ப்பது வேறு. யுத்த காலத்தில் பொலிஸ் பதிவும் இரவுச் சோதனையும் கண்ட தமிழ்க் குடும்பங்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் இருக்கின்றன. கேற்றுக்கு வெளியே யாரென்று தெரியாத ஒருவர் இருட்டில் நிற்பது அவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. ஆகவே பகலில் போய்த் தட்டுங்கள், முன்பு எடுத்த படம் ஒன்றைக் காட்டுங்கள். பேச்சு இவ்வளவு போதும்: “அன்ரி, வணக்கம். பழைய வீடுகளை லைற் போட்ட பிறகு படம் எடுக்கிறம். நாளைக்குப் பின்னேரம் ஆறரைக்கு ரோட்டில நிண்டு உங்கட வீட்டை எடுக்கலாமோ? ஆக்களை எடுக்க மாட்டம். பிரின்ற் ஒண்டு கொண்டுவந்து தாறம்.” வேண்டாம் என்றால் அடுத்த வீடு. எதிர் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பொலிஸுக்கு அழைப்பவர் பெரும்பாலும் அவர்தான்.

சம்மதம் கிடைத்தால் இன்னொன்றையும் கேட்கலாம்: மண்டபத்து லைற்றும் மேல்மாடி அறை ஒன்றும் எரியட்டும், விறாந்தையின் வெளி லைற்றை அரை மணி நேரம் அணைத்துவிடுங்கள் என்று. சுவரில் நேராக அடிக்கும் விறாந்தை பல்ப் ஒன்று நான்கு யன்னல்களின் வெளிச்சத்தைத் தின்றுவிடும்.

அடையாள அட்டை கையில் இருக்கட்டும். முகாம், தூதரகம், அமைச்சர்மாரின் இல்லம் இருக்கும் வீதிகளில் ட்ரைபொட்டை விரிக்க வேண்டாம். வீட்டிலக்கம், பெயர்ப் பலகை, வாகன இலக்கத் தகடு படத்தில் வந்தால் வெளியிடுமுன் மறைத்துவிடுங்கள். கமெராவிலும் போனிலும் ஜி.பி.எஸ். பதிவை நிறுத்துங்கள். வீடு பூட்டிக் கிடக்கும் நாட்களைக் காட்டும் படத்தை இடத்தின் பெயரோடு போடுவது கள்வனுக்கு விலாசம் கொடுப்பது.

என்ன தேவை

கையால் ஷட்டர் (வெளிச்சம் விழும் நேரம்), துளை (எஃப் எண்; எண் கூடினால் துளை சிறிது), ஐ.எஸ்.ஓ. (வெளிச்சத்துக்கான உணர்திறன்) மூன்றையும் வைக்கக்கூடிய எந்தக் கமெராவும் போதும். பத்து வருடம் பழையதானாலும் சரி. பெரிய சென்சர் உள்ள முழுச் சட்டக் கமெராவுக்கு 35 மில்லிமீற்றர் லென்ஸ், அதைவிடச் சிறிய சென்சர் உள்ள ஏ.பி.எஸ்.-சி கமெராவுக்கு 23 அல்லது 24. இதைவிட அகலமாகப் போனால் வீடு பின்னுக்கு ஓடி, தார் ரோட் படத்தை நிரப்பும். விலையுயர்ந்த எஃப் 1.4 லென்ஸ் வேண்டாம், எஃப் 8இல்தான் எடுக்கப்போகிறோம்.

பணத்தை ட்ரைபொட்டில் போடுங்கள். நடுத் தண்டை உயர்த்தாமலே கண் உயரத்துக்கு வர வேண்டும். கடற்கரைப் பக்கம் போய் வந்தால் கால்களை ஈரத் துணியால் துடையுங்கள், உப்புக் காற்று பூட்டுகளை இறுக்கிவிடும். ரிமோட் இல்லாவிட்டால் 2 செக்கன் டைமர். பிறகு ஒரு சிறு ரோர்ச், மைக்ரோஃபைபர் துணி, மேலதிக பற்றரி, ஒரு குடை, ஒரு கறுப்புத் தொப்பி. தொப்பியின் வேலை பின்னால் வரும்.

நுளம்புக்குப் பூசும் கிறீமில் டீட் என்ற இரசாயனம் இருந்தால் உள்ளங்கையை நன்றாகத் துடைத்த பிறகே கமெராவைத் தொடுங்கள். பிளாஸ்ரிக்கையும் ரப்பர் பிடியையும் அது கரைக்கும்.

அந்தப் பின்னேரம், நிமிடம் நிமிடமாக

1. சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே கமெராவை ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுங்கள். நேரே வெளிக் காற்றுக்குக் கொண்டுவந்தால் கொழும்பின் ஈரப்பதத்தில் லென்ஸ் வியர்க்கும். துடைக்கத் துடைக்கத் திரும்பவும் மூடும். இறுக மூடிய பொலித்தீன் பையில் போட்டு, அரை மணி நேரம் பையோடு சூடேறவிட்ட பின் திறந்தால் தப்பலாம்.

2. மறைய 15 நிமிடம் முன்பு ட்ரைபொட் நிற்க வேண்டும். யூ.வி. பில்ற்றரைக் கழற்றுங்கள், வீதி விளக்கின் போலி விம்பங்கள் பச்சைப் புள்ளிகளாக வானத்தில் விழுவது பெரும்பாலும் அதனால்தான். கமெராவை மட்டமாக வையுங்கள். மேலே சாய்த்தால் சுவர்கள் உள்ளுக்குச் சரியும். கூரையைக் கொண்டுவர வேண்டுமானால் சாய்க்காமல் சற்று அகலமாக எடுத்து, கீழே இருக்கும் ரோட்டைப் பிறகு வெட்டலாம்.

3. வெளிச்சம் இருக்கும்போதே யன்னல் கிறில்லின் விளிம்பைத் திரையில் 10 மடங்கு பெருப்பித்துப் பார்த்து ஃபோகஸ் செய்து, மனுவலுக்கு மாற்றிவிடுங்கள். இருட்டிய பின் கமெரா தானாகத் தேடத் தொடங்கினால் இரண்டு நிமிடம் போகும். லென்சின் அசைவுத் தடுப்பை அணையுங்கள். நீள் பதிவு நொய்ஸ் (படத்தில் விழும் புள்ளி புள்ளியான கறை) குறைப்பையும் அணையுங்கள்: அது ஒவ்வொரு படத்துக்கும் எடுத்த நேரத்தை இன்னொரு முறை விழுங்கும். 30 செக்கனுக்குக் கீழே பெரும்பாலும் அதற்குத் தேவையும் இல்லை.

4. ரோ கோப்பு (கமெரா திருத்தாத மூலப் பதிவு), ஐ.எஸ்.ஓ. 100, எஃப் 8, வெண் சமநிலை (எந்த நிற வெளிச்சத்தை வெள்ளையாக எடுப்பது என்ற அமைப்பு) 3600 கெல்வினில் நிலையாக. தானியங்கி வெண் சமநிலை படத்துக்குப் படம் நிறத்தை மாற்றும்.

5. மறைந்து 12ஆவது நிமிடம், யன்னலுக்காக ஒரு சோதனைப் படம்: 2 செக்கன். எரியும் பல்ப் வெளுத்துப்போகலாம். திரைச்சீலை வெளுக்கக் கூடாது. படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்ரோகிராமில் மூன்று நிறங்களையும் தனித்தனியே பாருங்கள். மஞ்சள் பல்ப்புக்குக் கீழே சிவப்புத்தான் முதலில் நிரம்பி வழியும், பொதுவான வரைபடத்தில் அது தெரியாது. தேவைப்பட்டால் 1 செக்கன், அல்லது 4.

6. கிடைத்த அந்த அளவை இனி மாற்ற வேண்டாம். 15ஆவது நிமிடத்திலிருந்து 28ஆவது நிமிடம் வரை நிமிடத்துக்கு ஒரு படம், அதே அளவில். பலர் பிழைவிடும் இடம் இதுதான்: வானம் இருள்வதைப் பார்த்துப் பதறி ஷட்டரை நீட்டுவார்கள், யன்னல் எரிந்துபோகும். நீங்கள் யன்னலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். வானம் தானாக வெளிறிய நீலத்திலிருந்து இறங்கி, சரியான இடத்தைக் கடந்து, கறுப்புக்குப் போகும். வீட்டில் போய்ப் பார்த்தால் பதின்மூன்று, பதினான்கு படங்களில் இரண்டோ மூன்றோ தானே கூப்பிடும்.

7. 28ஆவது நிமிடத்துக்குப் பிறகு இரண்டு ஸ்டொப் இடைவெளியில் மூன்று படங்கள்: 2, 8, 30 செக்கன். பின்னர் கணினியில் ஒரே படமாகச் சேர்க்க உதவும்.

பிழைகளும் காரணமும்

படம் முழுக்க மெல்லிய இரட்டைக் கோடு விழுந்தால் ட்ரைபொட் அசைந்திருக்கிறது. காலி வீதிக்கு அருகே பஸ் போகும்போது நிலமே அதிரும், கடலோரம் ரயிலும் அப்படியே. கடந்து போகட்டும், ஐந்து செக்கன் பொறுத்து அழுத்துங்கள். இலை மட்டும் கலங்கினால் அது காற்று, ஐ.எஸ்.ஓ. 400க்கு ஏற்றி நேரத்தை நாலில் ஒன்றாக்கலாம், அல்லது கலங்கலை அப்படியே ஏற்கலாம். தென்னோலை கலங்குவது அழகாகவே இருக்கும்.

எங்கிருந்தோ வெள்ளைப் படலம் விழுந்தால் படச் சட்டத்துக்கு வெளியே நிற்கும் வீதி விளக்கு லென்சில் படுகிறது. குடையை விரித்து அதன் நிழல் லென்சில் விழும்படி பிடியுங்கள். ஆட்டோ ஒன்று ஹெட்லைற்றோடு லேனுக்குள் வந்தால் கறுப்புத் தொப்பியை லென்சுக்கு முன்னே, தொடாமல், பிடித்து மறைத்து, போனதும் எடுத்துவிடுங்கள். இதற்கு 15 செக்கனாவது வேண்டும். எஃப் 16க்குப் போனால் 2 செக்கன் 8 ஆகும், எஃப் 22இல் 15ஐ எட்டும். எஃப் 16இல் பல்ப்கள் நட்சத்திரமாக விரியும். லென்சின் இதழ்கள் இரட்டை எண்ணிக்கையானால் அத்தனை முனை; ஒற்றையானால் அதன் இருமடங்கு. ஒன்றிரண்டு பல்ப் இருந்தால் அழகு, பத்து இருந்தால் திருவிழா.

இருட்டிய பிறகு

40 நிமிடம் கடந்தால் கொழும்பு வானம் கறுப்பாகக்கூட நிற்காது. நகர வெளிச்சம் மேகத்தில் பட்டு மங்கிய செம்மண் நிறம். அப்போது வானத்தைச் சட்டத்திலிருந்து வெட்டி, ஒற்றை யன்னல், படிக்கட்டு, விறாந்தை என்று நெருங்குங்கள். மழை விட்ட இரவு வேறு கதை. ஈரத் தார் வீட்டு வெளிச்சத்தைத் திருப்பித் தருவதால் படத்தின் கீழ்ப்பாதியும் வேலை செய்யும். அப்போது கமெராவை இடுப்புக்குக் கீழே இறக்குங்கள்.

மின்வெட்டு நேரத்தில் வீடு முழுவதும் ஒரே ஒரு மெழுகுதிரியைச் சுற்றிச் சுருங்கிவிடும். 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் வரை மின்சாரம் நின்ற இரவுகளில் வீதிகளே அப்படித்தான் இருந்தன. அந்த வெளிச்சத்துக்கு ஐ.எஸ்.ஓ. 800, எஃப் 4, 8 செக்கனில் தொடங்குங்கள். வெண் சமநிலை 2500 கெல்வின் அளவில்.

போனில் எடுப்பவர்களுக்கு

போனை மதிலிலோ சிறு கிளிப் ட்ரைபொட்டிலோ நிறுத்துங்கள். அகல லென்ஸ் வேண்டாம், பிரதான லென்ஸ் மட்டும். நைட் மோட் இரவைப் பகலாக்கப் பார்க்கும். வெளிச்ச அளவை ஒன்று முதல் ஒன்றரை ஸ்டொப் குறையுங்கள். புரோ மோட் இருந்தால் ஐ.எஸ்.ஓ. 100, 1/10 செக்கனில் தொடங்கலாம். கையில் பிடித்து எடுப்பதானால் ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், விளக்குகள் செக்கனுக்கு 100 தடவை மினுங்குகின்றன. 1/250 போன்ற வேகத்தில் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழும்.

கணினியிலும் தாளிலும்

முதலில் நிமிர்ந்த கோடுகளைச் சரிசெய்யுங்கள். வெண் சமநிலையை 3300க்கும் 4000க்கும் இடையில் நகர்த்தி, யன்னல் மஞ்சளாகவும் வானம் நீலமாகவும் நிற்கும் புள்ளியைத் தேடுங்கள். யன்னலை முழு வெள்ளையாக்கினால் வீட்டின் சூடு போய்விடும். ரியூப் லைற் எரியும் குசினிப் பக்கம் பச்சையாகத் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் தெரிவுசெய்து சற்று மஜென்டா சேருங்கள். பழைய சோடிய வீதி விளக்கின் செம்மஞ்சளை முழுதாகத் திருத்த முடியாது, அது 2000 கெல்வினை ஒட்டிய, கிட்டத்தட்ட ஒரே நிறம். செறிவைக் குறைத்துவிட்டு விடுங்கள்.

நிழல்களைத் தூக்க வேண்டாம். மதிலின் கீழ் இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். எல்லாம் தெரியும் படம் வீடு விற்கும் விளம்பரம் போல இருக்கும்.

24 மெகாபிக்சல் கோப்பு 6000க்கு 4000 புள்ளிகள். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் 20 அங்குல அகலத்துக்குத் தாராளமாக அச்சாகும். திரையைவிடத் தாள் இருண்டு தெரியும். அனுப்புமுன் அரை ஸ்டொப் வெளிச்சம் கூட்டி, 4க்கு 6 அளவில் ஒரு சோதனை அச்சுப் பாருங்கள். பளபளப்புத் தாளில் கரிய பகுதிகள் கண்ணாடி போல அறையைப் பிரதிபலிக்கும், பளபளப்பில்லாத மட் தாளே நல்லது. வீட்டுக்காரருக்குச் சொன்ன பிரின்ற்றை 8க்கு 12 அளவில் போட்டு, பின்பக்கம் பென்சிலால் திகதியையும் நேரத்தையும் எழுதி, ஒரு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த லேனில் எந்த வீட்டில் இன்னும் பழைய மஞ்சள் பல்ப் எரிகிறது என்பதையும் அவர்களிடமே கேட்கலாம்.